நோன்பின் நடுவே மகிழ்ச்சி ஞாயிறு

திருநீற்றுப் புதனன்று உறுதியோடு தொடங்கிய ஒறுத்தல், மூன்று வாரம் போனதும் பலருக்குத் தளர்ந்துவிடுகிறது. ஒருசந்தி விட்டுப்போகும், சிலுவைப் பாதைக்குப் போக நேரமிருக்காது. இந்த வருஷமும் இவ்வளவுதான் என்று மனம் கைவிட்டுவிடும். அந்தக் கட்டத்தில்தான் கத்தோலிக்கத் திரு அவை நான்காம் ஞாயிற்றை மகிழ்ச்சி ஞாயிறாக வைத்திருக்கிறது. அன்று குரு ஊதாவுக்குப் பதில் ரோஜா நிறத் திருவுடை அணியலாம். தவக்காலத்தில் விலக்கிவைத்த பூக்களைப் பீடத்தில் வைக்கலாம். இதைச் சோர்ந்தவர்களுக்குக் கிடைத்த ஓய்வுநாள் என்று மட்டும் நினைப்பது போதாது. நோன்பே எதற்கு என்பதை இந்த ஞாயிறுதான் தெளிவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

அன்றைய வாசகங்களைப் பாருங்கள். மூன்று ஆண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டு பிறவியிலேயே பார்வையற்றவர், ஓர் ஆண்டு நிக்கதேம், ஓர் ஆண்டு ஊதாரி மைந்தன். பார்வை பெற்றவர் அதைக் கேட்கக்கூட இல்லை. ஊதாரி மகனோ, தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்கத்தான் வந்தான். அதைச் சொல்லி முடிக்குமுன்பே தந்தை விருந்துக்கு ஆள் ஏவிவிட்டார். திருந்திக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அப்படியானால் தவக்கால மகிழ்ச்சி, நோன்பைச் சரியாக முடித்தவருக்கான பரிசு அல்ல. பாதியில் விட்டவருக்கும் அது உரியது. உயிர்ப்பு ஞாயிறுக்கு இன்னும் 21 நாள் இருக்கிறது. விட்டதையெல்லாம் ஈடுகட்டப் பார்க்காமல், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது பிறருக்குப் பயன்படுவதாக இருந்தால் நிலைக்கும்: தவிர்த்த இறைச்சியின் காசு பசித்த ஒருவர் கைக்குப் போகட்டும். பாவசங்கீர்த்தனத்தைப் புனித வாரக் கூட்டத்துக்குத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்தால் மனம்விட்டுப் பேச முடியும்.

மகிழ்ச்சி தவத்தை நீர்த்துப்போகச் செய்யாதா என்று கேட்பார்கள். திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு நோன்புநாள் அல்ல என்பது பழைய மரபு. 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், ஞாயிறுகளில் முழந்தாளிடாமல் நின்றே செபிக்கச் சொன்னது. புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கும், தவக்காலத்தில் உயிர்ப்பு விழாவை ஆவலோடும் மகிழ்ச்சியோடும் எதிர்நோக்கச் சொல்கிறது.

துக்கத்திலும் நோயிலும் கடனிலும் இருப்பவரை மகிழச் சொல்வது கொடுமை அல்லவா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அன்றைய வருகைப் பல்லவி எசாயாவிலிருந்து வருகிறது. அதன் அழைப்பு எருசலேமுக்காகப் புலம்பியவர்களுக்கே. உரோமையில் இந்த ஞாயிறுக்கென மரபாகக் குறித்த கோயிலும் திருச்சிலுவைப் பேராலயம்தான். ஆகவே கண்ணீரைத் துடைத்துவிட்டு வரும்படி யாரும் கேட்கவில்லை. பாட முடியாதவர் அமர்ந்திருந்தால் போதும், மற்றவர்கள் அவருக்காகப் பாடுவார்கள். பாட முடிந்தவர்கள் இந்த வாரம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உடன் இருந்துவிட்டு வாருங்கள்.