உருவிழந்த கல்லின் உள்ளமைப்பு

கொல்லிமலைக் குண்டூர் நாட்டிற்கு மாணவர்களுடன் நாம் சென்றிருந்தபோது, வழியில் உடைந்து கிடந்த கரும்பாறைத் துண்டொன்றைக் கையிலெடுத்த மாணவர் ஒருவர், "இதனுள் ஏதேனும் ஒழுங்கு உண்டா?" என்று வினவினார். அம்மலையில் மிகுதியாகக் காணப்படும் சார்னோக்கைட் பாறை அது. அதன் கனிமங்கள் பெரும்பாலும் சிலிக்கேட்டுகளே. ஒரு சிலிக்கன் அணுவைச் சூழ நான்கு ஆக்சிசன் அணுக்கள் நான்முகி வடிவில் நிற்கும். அந்நான்முகிகள் தனித்தும், சங்கிலியாகவும், தகடாகவும் இணைவதால் வெவ்வேறு சிலிக்கேட்டுகள் பிறக்கின்றன. சார்னோக்கைட் பாறை இலங்கையின் மலைநாட்டிலும் உண்டு. அத்தீவில் கிடைத்த அரிய சிலிக்கேட் ஒன்றின் வரலாறே அம்மாணவரின் வினாவிற்குத் தக்க விடையெனக் கருதுகிறோம்.

இரத்தினபுரி மாவட்டத்து எகலியகொடையில், மணிகள் பொதிந்த சரளைப் படிவிலிருந்து (அப்படிவை அங்கே 'இல்லம்' என்பர்; பொருத்தமான பெயரே!) 1953இல் பச்சைநிறக் கல்லொன்று கொழும்பைச் சேர்ந்த எஃப்.எல்.டி. ஏகநாயக்க என்பாருக்குக் கிட்டியது. மணிகளின் ஒப்படர்த்தியை நீர்கொண்டு அளந்து இனம் காணும் முறையைப் பதினோராம் நூற்றாண்டிலேயே அறிஞர் அல்பிரூனி கையாண்டார். இக்கல்லின் ஒப்படர்த்தியோ ஏறத்தாழ 3.28. அறிந்த மணி எதனோடும் இதன் பண்புகள் முற்றும் பொருந்தவில்லை. 1961இல் ஆண்டர்சன், கிளாரிங்புல் முதலியோர் இதனைப் புதிய கனிமமென அறிவித்து, கண்டவர் பெயரால் 'ஏகனைட்' என வழங்கினர். கால்சியமும் தோரியமும் கொண்ட சிலிக்கேட் இது. நிறையில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேல் தோரியமே.

ஆயின் உள்ளமைப்பு யாது? படிகத்தினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அணு வரிசைகளில் பட்டுச் சிதறிக் குறித்த திசைகளில் மட்டும் புள்ளிகளாய் வெளிப்படும் என்பது 1912 முதல் அறிந்த செய்தி. அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கணித்தே அணுக்களின் இருக்கையை வரையறுக்கின்றனர். ஏகனைட் அத்தகு புள்ளி எதனையும் காட்டவில்லை. காரணம், அதன் தோரியமே. அரையாயுள் 1405 கோடி ஆண்டு உடைய அத்தனிமம் மெல்ல மெல்லச் சிதைந்து ஆல்பா துகள்களை உமிழும்போது, பின்னுந்தப்படும் கனத்த அணுக்கரு அண்டை அணுக்களை இடித்துத் தள்ளுகிறது. ஐம்பது கோடி ஆண்டிற்கும் மேலாக இது நிகழ்ந்தமையால், கல் தன் ஒழுங்கைத் தானே அழித்துக் கண்ணாடி போலாகிவிட்டது.

கடும் சூட்டில் வைத்தபோது ஒழுங்கு ஓரளவு மீண்டது. நாற்கோணத் தொகுதியைச் சார்ந்தது என்பதும் புலனாயிற்று. எனினும் சூட்டினால் கிடைப்பது நுண்படிகங்களின் திரளேயன்றி ஒற்றைப் படிகமன்று. அணு ஒவ்வொன்றின் இடத்தையும் அறிய அது போதவில்லை.

இதனிடையே கனடாவின் செயின்ட் இலேர் மலையில் கிடைத்த கனிமம் ஒன்றும் ஏகனைட் என்றே அழைக்கப்பட்டது. இங்கேதான் சிக்கல். இரண்டிலும் எட்டுச் சிலிக்கனுக்கு இருபது ஆக்சிசன் என்ற விகிதம் ஒன்றே. ஆனால் 'தகவு', 'கதவு' என்னும் சொற்களில் எழுத்துகள் ஒன்றாயினும் வரிசை மாறப் பொருள் மாறுகிறதன்றோ? கனடாக் கனிமத்தில் எட்டு நான்முகிகள் கூடித் தனித்தனிக் கனசதுரக் கூடுகளாய் நிற்கின்றன. அது வேறு கனிமமென உணர்ந்து, 1982இல் 'ஸ்டேசியைட்' எனப் பெயர் மாற்றினர்.

மெய்யான ஏகனைட்டின் அமைப்பும் அதே 1982இல்தான் வெளிப்பட்டது. கனடாவின் யூக்கான் பகுதியில் டூம்ஸ்டோன் மலைகளிலிருந்து, சிதையாத ஏகனைட் படிகங்கள் கிட்டின. அப்பகுதியின் தீப்பாறைகள் ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டு அகவையினவே. இலங்கைக் கல்லை நோக்க அவை இளையவை. சிமான்ஸ்கி முதலியோர் அவற்றை எக்ஸ் கதிரால் ஆய்ந்தனர். நான்முகிகள் நெளிந்த தகடுகளாய்ப் படர்ந்திருப்பதையும், தோரியம் அணு ஒவ்வொன்றையும் எட்டு ஆக்சிசன்கள் சூழ்ந்திருப்பதையும் கண்டனர். அடிப்படை அலகின் அளவு ஏறத்தாழ 7.5, 14.9 ஆங்ஸ்ட்ராம். தாய்நிலத்துக் கல் இழந்த வடிவை அயல்நாட்டு உடன்பிறப்பு காட்டிக் கொடுத்தது!

இலங்கை ஏகனைட்டைப் பட்டை தீட்டி விற்போரும் உளர். கதிரியக்கம் உடையதாகலின் அது விரலில் அணியத்தக்கதன்று; பேழையில் வைத்துப் பார்க்கத்தக்கது.