சிம்பனிக்குப் பணம் கேட்கப் போகிறாயா? முதலில் ராஜகோபுரத்தைப் பார்

தங்கச்சி,

வயலின், செல்லோ, ஃப்ளூட், டிரம்பெட் என்று பிள்ளைகளைச் சேர்த்து திருச்சியில் ஒரு சின்ன சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்திருக்கிறார்கள், அதற்கு நிதி திரட்டும் பொறுப்பை நீ வாங்கிக்கொண்டாய் என்று அம்மா சொன்னாள். நல்ல காரியம்தான். ஆனால் "இசையை வளர்க்க உதவுங்கள்" என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினால் நூறு ரூபாயும் ஒரு டம்ளர் மோரும் கிடைக்கும், அவ்வளவுதான். சபா வேலைகளில் அலைந்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஒருநாள் ஸ்ரீரங்கம் போய், தெற்கு ராஜகோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார். நானூறு வருஷத்துக்கு மேல் அது மொட்டைக் கோபுரமாக நின்றது. 1979-ல் அகோபில மடத்தின் 44-வது ஜீயர் அதைக் கட்டி முடிக்க இறங்கினார். அப்போதே அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 1987 மார்ச் 25-ம் தேதி கும்பாபிஷேகம் ஆனது. 236 அடி உயரம், 13 நிலை. மொத்தக் கோபுரத்துக்கும் பணம் கொடுங்கள் என்றால் எவர் கொடுப்பார்? நிலை நிலையாகப் பிரித்தபோது கொடுக்க ஆள் வந்தது. ஒரு நிலைக்கான செலவை இளையராஜா ஏற்றுக்கொண்டார். அதே இளையராஜாதான் 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் தன் 'வேலியண்ட்' சிம்பனியை அரங்கேற்றினார். இந்தச் சேதியை நீ போகிற ஒவ்வொரு வீட்டிலும் சொல்லலாம். சிம்பனி என்றால் நமக்கென்ன சம்பந்தம் என்று கேட்பவருக்கு அண்ணாந்து பார்க்க ஒரு கோபுரம் இருக்கிறது.

ஆகவே உன் முதல் வேலை பணம் கேட்பதல்ல, பிரிப்பது. ஒரு வருஷச் செலவை எழுது. ஆசிரியர் சம்பளம், ஒத்திகை இடத்தின் வாடகை, அறுந்துபோகும் தந்திகள், வில்லுக்கு ரோசின், இசைத்தாள் நகல், செல்லோவை ஏற்றிவர ஆட்டோ, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் பிள்ளைகளின் டிபன். இதை ஒரே தொகையாக எவரிடமும் காட்டாதே. வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ராக்களில் வாத்தியக்காரர் உட்காரும் நாற்காலிக்கே ஒரு புரவலர் இருப்பார். நீயும் அப்படிச் செய். உதாரணத்துக்கு, ஒரு செல்லோ நாற்காலியின் ஒரு வருஷச் செலவு இவ்வளவு, ஒரு மாத டிபன் இவ்வளவு, நாலு தந்தி கொண்ட ஒரு செட் இவ்வளவு என்று ஒரே பக்கத்தில் விலைப்பட்டியல் போல அச்சடி. ஆயிரம் ரூபாய்க்குள் ஒன்றாவது அதில் இருக்கட்டும். ஓய்வூதியக்காரர் வீட்டில் அதுதான் எடுபடும். ஒரு லட்சத்துக்கும் ஒன்று இருக்கட்டும். பெரிய வரி இல்லாத பட்டியலைப் பார்த்தால் கொடுக்கக்கூடியவரும் ஆயிரத்தோடு நிறுத்திக்கொள்வார்.

கேட்கப் போகும்போது இரண்டு பேராகப் போ. ஒருவர் பேசட்டும், ஒருவர் குறிப்பெடுக்கட்டும். மூன்று நிமிஷ வீடியோ ஒன்றை போனில் வைத்துக்கொள், பிள்ளைகள் வாசிப்பது. அதைக் காட்டாமல் ஆர்கெஸ்ட்ரா என்று சொன்னால், "எங்க பேத்தி கல்யாணத்துக்கு வருவீங்களா, யார் பாடறா?" என்றுதான் கேட்பார்கள். வீடியோ முடிந்ததும் தொகையை வாய்விட்டுச் சொல். "உங்களால் முடிந்ததை" என்கிற வார்த்தையை மறந்துவிடு, அது உனக்கும் கூச்சம், அவருக்கும் குழப்பம். "மாமா, ஒரு வயலின் நாற்காலியை இந்த வருஷம் நீங்க ஏத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு வாயை மூடு. மூடுவதுதான் கஷ்டம். அவர் யோசிக்கிற அந்த அரை நிமிஷத்தில் நீயே "இல்லேன்னா பாதி கூட பரவாயில்லை" என்று இறங்கி வந்தால் பாதிதான் வரும். முடியாது என்றால் முகம் சுளிக்காமல், "கச்சேரிக்காவது குடும்பத்தோட வாங்க" என்று அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு வா. இந்த வருஷம் வந்து உட்கார்ந்தவர் அடுத்த வருஷம் கொடுப்பார்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு பெரியவர் நிச்சயம் கேட்பார், "வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கெதுக்குமா?" விவாதம் பண்ணாதே. வயலின் இல்லாமல் இன்று எந்தக் கச்சேரி நடக்கிறது என்று கேள். பக்கத்து லால்குடியின் பெயரையே உலகம் அறிந்தது ஒரு வயலினால். கிளாரினெட்டும் வெள்ளைக்காரன் வாத்தியம்தான். அதில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்து பத்மஸ்ரீ வாங்கிய ஏ.கே.சி. நடராஜன் நம் திருச்சிக்காரர். ஆந்திராவின் கரவடியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறி, இங்கேயே பள்ளி வைத்து நாகஸ்வரம் சொல்லிக்கொடுத்தார். வெளியிலிருந்து வந்ததை வீட்டுக்குள் உட்கார வைத்த ஊர் இது. இவ்வளவும் சொன்ன பிறகும் அவர் தலையாட்டவில்லை என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடு.

நேரம் பார்த்துப் போவது பாதி வெற்றி. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல்பத்து, இராப்பத்து நாட்களில் ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டுக் கதவையும் தட்டாதே. வீடு முழுக்க விருந்தாளிகள். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் பக்கம் நிகழ்ச்சி வைக்காதே. என்.எஸ்.பி. சாலை ஜவுளிக்கடைக்காரர்களிடம் தீபாவளிக்கு முந்தின மாதம் பேசுவது வீண், விற்பனை முடிந்து கணக்குப் பார்த்த பிறகு போ. காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரிகளை லோடு இறங்குகிற காலை வேளையில் தொந்தரவு செய்யாதே. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு மார்ச் மாதம் ஓடுபவர்கள் உண்டு. அதற்குள் பணம் வேறெங்கோ ஒதுக்கப்பட்டிருக்கும், ஏப்ரல், மே மாதத்திலேயே மனு கொடு. நிகர லாபம் 5 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர மதிப்பு 500 கோடி தொட்ட நிறுவனங்கள், முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவழிக்க வேண்டும். கலை, பண்பாடும் இதற்கான கம்பெனிச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் யார் யார் இந்த அளவுக்குள் வருகிறார்கள் என்று ஒரு ஆடிட்டரிடம் கேள்.

ஆடிட்டர் என்றதும் ஞாபகம். பணம் வாங்குமுன் குழுவைச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து, அதன் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்குங்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் உன் பெயரோ செயலாளர் பெயரோ வந்தால் அன்றோடு மானம் போச்சு. 80ஜி வரிச்சலுகை இன்னும் வாங்கவில்லை என்றால் இருப்பதாகச் சொல்லாதே. வாங்கியிருந்தால் கொடுப்பவரின் பான் எண்ணைக் கேட்டு வாங்கு, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்குச் சலுகை கிடையாது என்பதை முன்னாலேயே சொல். புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் இந்தச் சலுகை இல்லை.

இதைவிட முக்கியம் வெளிநாட்டுப் பணம். திருச்சியில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார், முதலில் உதவ முன்வருவதும் அவர்களே. அவர் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டா என்று கேட்டுக்கொள். இந்தியக் குடிமகனாகவே வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் சொந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சித்தப்பா சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்தான். அவரிடம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி வேண்டும், பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் பிரதான கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். ஆரம்பித்த கையோடு அந்தப் பதிவு கிடைக்காது. பாசத்தில் அவர் அனுப்பிய பத்தாயிரத்தால் குழுவே கோர்ட்டு படி ஏறக்கூடாது. இப்போதைக்கு அவரிடம், "ஊருக்கு வரும்போது பிள்ளைகளை வந்து பாருங்க சித்தப்பா" என்று மட்டும் சொல்.

ஊரோடு பழகாமல் பணம் மட்டும் கேட்டால் எத்தனை நாள் கொடுப்பார்கள்? மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போங்கள். பெரிய மேடை வேண்டாம். ஒரு வயலின், ஒரு ஃப்ளூட், ஒரு டிரம் போதும். இருபது நிமிஷம், மதிய உணவுக்கு முன்னால். விளக்கவுரையை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டுக் குழந்தைகளை வில்லைப் பிடித்து இழுக்க விடுங்கள். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் ஃபவுண்டேஷனின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே சொல்லிக்கொடுக்கிறது. உங்கள் பட்டியலிலும் அப்படி இரண்டு நாற்காலியாவது ஒதுக்குங்கள், கொடுப்பவர்கள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். கச்சேரியை எட்டரைக்குள் முடியுங்கள். பஸ் பிடித்து ஸ்ரீரங்கமோ பெல் குடியிருப்போ திரும்ப வேண்டியவர்கள் கடைசி அயிட்டத்தின்போது எழுந்து போவதைப் பார்த்தால் வாசிக்கிற பிள்ளைக்கு மனசு ஒடிந்துபோகும். சினிமாப் பாட்டு வாசிப்பதாக இருந்தால் உரிமைக் கட்டணத்தையும் செலவில் எழுது.

பொன்னாடை, நினைவுப் பரிசு, சிறப்பு விருந்தினர் மூவர் பேச்சு, இவற்றை என்னால் சகிக்க முடியவில்லை. பத்துப் பொன்னாடைக் காசில் எத்தனை செட் தந்தி வரும் என்று செயலாளரைக் கணக்குப் போடச் சொல். கொடுத்தவருக்கு மரியாதை வேறு விதமாகச் செய்யலாம். ரசீது அன்றைக்கு ராத்திரியே வாட்ஸப்பில் போகட்டும். மூன்று மாதம் கழித்து அந்த நாற்காலியில் உட்காரும் பிள்ளை கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதட்டும். வருஷக் கணக்கை ஒரே தாளில் எழுதி அரங்க வாசலில் ஒட்டு. பெயர் போட வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போடு. ஸ்ரீரங்கத்தில் வேண்டாம் என்பவர்களும் உண்டு.

பெண்கள் போய்ப் பணம் கேட்பதா என்று யாராவது முணுமுணுத்தால் பொருட்படுத்தாதே. அமெரிக்காவில் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவுக்கு 1904-லேயே பெண்கள் குழு அமைத்து ஆதரவு திரட்டினார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பி 1925-ல் கும்பாபிஷேகம் செய்து வைத்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் சொத்தையும் நகையையும் போட்டுக் கட்டினார். பெண்கள் அங்கே பாடவே தடை இருந்த காலம் அது. இதற்கு முழுநேர ஆட்களும் தேவையில்லை. நம் ஊர் ரசிக ரஞ்சன சபாவை 1914-ல் தொடங்கிய எஃப்.ஜி. நடேச ஐயர் ரயில்வே அதிகாரி. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978-லிருந்து நடக்கும் தியாகராஜ ஆராதனையைத் தாங்குவதும் வேலைக்குப் போய்க்கொண்டே ஓய்வு நேரத்தைக் கொடுக்கிற தொண்டர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் உனக்கும் வேண்டும். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கேட்டுப் பார். வந்தவர்களை நாற்காலி தூக்க மட்டும் வைத்துக்கொள்ளாதே, ஒத்திகையில் உட்காரவை, வீட்டுக்குப் போகுமுன் சாப்பாடு போடு.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் விலைப்பட்டியலை எழுதி எனக்கு அனுப்பு. கூடவே உனக்கு நேரில் பழக்கமான முப்பது பேரின் பெயரும் வேண்டும். முதல் நாற்காலியை நானும் உன் அத்தானும் எடுத்துக்கொள்கிறோம். ரசீதில் பான் எண்ணைச் சரியாக எழுது.