உருவம் ஒன்று; அளவு வேறு

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், ரிங்லெட் பட்டணத்திற்கு அருகே அமைந்துள்ளது லெம்பா பெர்த்தாம். அங்குள்ள காய்கறித் தோட்டங்களுக்குச் செல்லும் மண்பாதைகள் செங்குத்தானவை. மழை பெய்தால் சேறாகிவிடும். முட்டைக்கோசு, தக்காளிக் கூடைகளைச் சுமந்துகொண்டு அப்பாதைகளில் ஏறி இறங்குபவை பழைய லேண்ட் ரோவர் வண்டிகளாகும். அவற்றுள் பல, ஓட்டுநரைவிட வயதில் மூத்தவை.

லேண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு அறிமுகமானது. போருக்குப் பின் எஃகுத் தட்டுப்பாடு நிலவியதால், அதன் உடற்பகுதி அலுமினியக் கலவைத் தகட்டால் செய்யப்பட்டது. ஈரமான மலைக்காற்றிலும் அத்தகடு துருப்பிடிப்பதில்லை. ‘சீரீஸ் 2’ 1958இலும், ‘சீரீஸ் 3’ 1971இலும் வெளிவந்தன. சீரீஸ் 3இன் உற்பத்தி 1985இல் நின்றுவிட்டது. ஆகவே, ஒரு வண்டி பழுதானால், ஓடாமல் நிற்கும் மற்றொரு வண்டியின் பாகம் அதற்குக் கைகொடுக்கிறது.

இவ்வாறு மாற்றிப் பொருத்த இயல்வதற்குக் காரணம் உண்டு. புதிய வகையை உருவாக்கியபோது, தயாரிப்பாளர்கள் முந்தைய வகையின் அமைப்பை முழுவதுமாகக் கைவிடவில்லை. எடுத்துக்காட்டாக, சீரீஸ் 3இன் கியர் பெட்டியைச் சிறு மாற்றங்களுடன் சீரீஸ் 2 வண்டியில் பொருத்தலாம்.

எனினும், தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் சுழலும் கிராங்க் ஷாஃப்டைத் தொடக்கத்தில் 3 பேரிங்குகள் தாங்கின; 1980இல் அவை 5 ஆயின. எனவே, ஒன்றின் ஷாஃப்ட் மற்றதற்குப் பொருந்தாது. பிரேக்கிலும் வேறுபாடு உண்டு. 88 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட குட்டை வண்டிகளில் பெரும்பாலும் 10 அங்குல டிரம் இருக்கும். 109 அங்குல நீள வண்டிகளில் இருப்பது 11 அங்குல டிரம். சுமையேற்றிய வண்டி மலைச்சரிவில் இறங்கும்போது, பொருந்தாத பிரேக் பாகம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

பழைய ஃபிலிம் கேமராவைப் பழுதுபார்ப்பவரும் இதே சிக்கலை எதிர்நோக்குகிறார். பல கேமராக்களின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச மின்கலத்திற்கென அமைக்கப்பட்டது. அதே வடிவில் இன்று கிடைக்கும் அல்கலைன் மின்கலம் 1.5 வோல்ட் தருகிறது. அது கச்சிதமாகப் பொருந்தினாலும் ஒளிமானி தவறான அளவைக் காட்டலாம், படச்சுருளே வீணாகலாம்.

ஆகவே, பாகத்தைக் கழற்றுமுன் வண்டி எந்த வகை, எந்த ஆண்டினது என்பதை அறிய வேண்டும்; பாகத்தின் எண்ணைச் சரிபார்க்க வேண்டும்; அளந்து பார்க்க வேண்டும். பட்டறைகளில் இந்நுணுக்கங்கள் பெரும்பாலும் ஏட்டில் இருப்பதில்லை. நெடுங்காலம் உழைத்தவர்களின் கைப்பழக்கத்திலும் நினைவிலுமே இருக்கின்றன. பழைய வண்டிகள் குறைவதைப் போலவே அவற்றை அறிந்தவர்களும் குறைந்து வருகின்றனர். இளையோர் அவர்களிடம் கேட்டுக் குறித்து வைத்தால், அந்த அறிவு அவர்களோடு மறைந்துவிடாது.

கலந்துரையாடிடுக

1. ஒரு பாகம் பொருந்துவதற்கும் சரியாக இயங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்கிடுக.
2. உன் வட்டாரத்தில் ஏட்டில் எழுதப்படாத தொழில் நுணுக்கம் ஒன்றை மூத்தவரிடம் கேட்டறிந்து குறிப்பெடுத்திடுக.