என்டர் தட்டும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய ஃபைலைத் திறந்து பார்த்தேன். வேர்டில் பக்கங்கள் தானாக ஓடுவதாக எழுதியிருந்தாய். தானாக ஓடவில்லையம்மா. அத்தியாயத்தைப் புதுப் பக்கத்தில் தொடங்க என்டரை வரிசையாகத் தட்டியிருக்கிறாய். ஆசிரியர் முதல் அத்தியாயத்தில் இரண்டு வரி சேர்த்ததும், பின்னால் இருந்த தலைப்புகளெல்லாம் இரண்டு வரி இறங்கிவிட்டன. அந்த என்டர்களை அழித்துவிட்டு, ஹெடிங் 1 ஸ்டைலில் 'பேஜ் பிரேக் பிஃபோர்' கொடு. அதே இடத்தில் 'கீப் வித் நெக்ஸ்ட்' இருக்கும். உள்தலைப்பின் ஸ்டைலில் அதைப் போட்டால், உள்தலைப்பு பக்கத்தின் அடியில் தனியே தொங்காது. ஒருவர் பல வருடம் உழைத்து எழுதியதை நம்மை நம்பிக் கொடுக்கிறார். அவர் தலைப்பைத் தொங்கவிட நமக்கு உரிமை இல்லை.

எந்த ஃபைல் வந்தாலும் முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்து. ஸ்பேஸ் புள்ளியாகவும், டேப் அம்பாகவும், ஒவ்வொரு பாராவின் முடிவும் ஒரு குறியாகவும் தெரியும். லேஅவுட் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்காமல் மார்ஜினை இழுப்பதும் ஸ்பேஸ் தட்டி நகர்த்துவதும் ஒட்டுப்போடும் வேலை. அடுத்த திருத்தத்தில் பிய்ந்துவிடும்.

அந்தக் குறிகளில் நீ அதிகம் கவனிக்க வேண்டியது செக்‌ஷன் பிரேக். பலர் அதை வெறும் பிரிப்புக் கோடு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். ஆனால் கோட்டுக்கு மேலே உள்ள பக்கங்களின் தாள் அளவு, மார்ஜின், ஹெடர் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கின்றன. அழித்தால் மேல் பகுதி, கீழ்ப் பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். ஆய்வேட்டில் அகலமான அட்டவணைக்காக ஒரு பக்கத்தைப் படுக்கையாக வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் உள்ள கோட்டை அழித்துப் பார், அதற்கு மேலே இருந்த அத்தியாயமே படுத்துவிடும். உடனே அன்டூ செய். கடைசிச் செக்‌ஷனுக்கு இப்படிக் கோடு கிடையாது. அதன் அமைப்பு ஃபைலின் கடைசி பாராக் குறியில் இருக்கிறது. அதனால்தான் கெட்டுப்போன ஃபைலை மீட்கும்போது, அந்தக் கடைசிக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் புது ஃபைலுக்கு காப்பி செய்கிறோம். பல நேரம் கோளாறும் பழைய ஃபைலோடு நின்றுவிடும்.

படம் காணாமல் போய், ஒரு கீற்று மட்டும் தெரிகிறது என்று கேட்டிருந்தாய். தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகள் ஏறி இறங்காமல் இருக்க, வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 16 பாயிண்ட் என்று வைத்திருக்கிறாய். உரைக்கு அது சரிதான். ஆனால் வரியோடு வரியாக வைத்த படத்துக்கும் அந்த 16 பாயிண்ட் உயரம்தான் கிடைக்கும். படம் இருக்கும் பாராவை மட்டும் 'சிங்கிள்' ஆக்கு, முழுப் படமும் வந்துவிடும்.

அட்டவணைக்குப் பிறகு வரும் வெற்றுப் பக்கம் சின்ன விஷயம். வேர்டு அட்டவணைக்குப் பின் ஒரு பாராவைக் கட்டாயம் வைக்கும். அதை அழிக்க முடியாது. அந்தப் பாராவின் எழுத்தளவை 1 பாயிண்ட் ஆக்கி, இடைவெளிகளைப் பூஜ்யமாக்கு.

ஃபாண்டில் இரண்டு தொல்லை உண்டு. பாமினி ஃபாண்டில் அடித்த பழைய ஃபைல் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், யூனிகோடு ஃபாண்டை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. எழுத்துகளையே கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்ற வேண்டும். மற்றது, அளவு மாற மறுக்கும் தமிழ். வேர்டும் லிப்ரே ஆஃபிஸும் தமிழைக் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' வகையில் வைத்து, அதற்கு ஃபாண்டையும் அளவையும் தனியே வைத்திருக்கின்றன. ஸ்டைலில் ஆங்கிலத்துக்கு மட்டும் மாற்றினால் தமிழ் அசையாது.

இத்தனைக்கும் பிறகு காரணம் பிடிபடவில்லையென்றால், ஃபைலை காப்பி எடுத்து, பாதியை அழி. கோளாறு இருக்கிறதா என்று பார். இருந்தால் மீதியில் மறுபடி பாதி. இல்லையென்றால் அழித்த பாதியில் தேடு. சீக்கிரமே ஒரு பாராவில் வந்து நிற்பாய்.

அச்சகத்துக்கு வேர்டு ஃபைலை அனுப்பாதே. அங்கே உன் ஃபாண்ட் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், 160 பக்கம் 163 ஆகும், பத்து பாரத்தில் முடிய வேண்டிய புத்தகம் பதினொன்றாவது பாரத்துக்குப் போகும். பிடிஎஃப் ஆக்கி, அதன் ப்ராப்பர்ட்டீஸில் ஃபாண்ட் பட்டியலைத் திற. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்கிறதா பார்த்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்