பின் பம்பரில் சிக்கும் காற்று: டிராக்கில் கார் ஓட்டுபவர்களுக்குச் சில குறிப்புகள்

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ சொந்த ஹேட்ச்பேக்கை ஓட்டிப் பழகுகிறவர்கள், டயரும் பிரேக் பேடும் மாற்றி முடித்ததும் அடுத்துக் கைவைப்பது பின் பம்பரில்தான். ஜிக்சாவை எடுப்பதற்கு முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. காருக்குப் பின்னால் குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பல ஹேட்ச்பேக்குகளில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் முடிந்த இடத்திலிருந்து பம்பர் வரை வெறும் குழிதான். அடியில் ஓடிவரும் காற்று அந்தக் குழிக்குள் ஏறி, பம்பரின் உள்பக்கத்தில் முட்டி நின்றுவிடுகிறது. டிராக் ஆட்கள் இதைத்தான் ‘பாராசூட்’ என்கிறார்கள்.

2. எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 100 கி.மீ. வேகத்தில் வரும் காற்றை ஒரு பலகை முழுசாகத் தடுத்து நிறுத்தினால், சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம். 140 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் இன்ஜின், ஆக்ஸில், சைலன்சர் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வரும் காற்று பம்பரைத் தொடும்போது பாதி ஓய்ந்திருக்கும். குழியின் வாயும் சதுர மீட்டரில் ஒரு சிறு பங்குதான். ஆகவே லாபம் உண்டு, ஆனால் சின்ன லாபம். லேப் நேரத்தில் இரண்டு செகண்ட் குறையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

3. பம்பரில் ஓட்டை போடுவதைவிடக் குழியின் வாயை மூடுவதே என் முதல் யோசனை. ஸ்டெப்னி பள்ளத்தின் அடியிலிருந்து பம்பரின் கீழ் விளிம்பு வரை ஒரு தகடு பொருத்தினால் காற்று உள்ளே போகவே போகாது. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், பம்பருக்குச் சேதமில்லை. 1 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. அலுமினியத் தகடு போதும். கடைப் பெயர்ப்பலகைக்குப் போடும் ஏசிபி ஷீட்டும் மலிவு, எடையும் குறைவு. ஆனால் அதன் நடுவில் இருப்பது பிளாஸ்டிக். சைலன்சர் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது, உருகும், தீப்பிடிக்கவும் கூடும். சைலன்சரைச் சுற்றித் தாராளமாக இடைவெளி விடுங்கள். சூட்டில் தகடு நீளும் என்பதால் போல்ட் துளைகளை நீள்வட்டமாகப் போடுங்கள். முன்விளிம்பை, அதற்கு முன்னால் இருக்கும் பாகத்துக்கு மேல்புறமாகச் செருக வேண்டும். கீழ்ப்புறமாக வைத்தால் காற்று அந்த விளிம்பைப் பிடித்துத் தகட்டையே பிய்த்தெடுத்துவிடும். தண்ணீர் வடிய நாலு சிறு துளைகள் போதும்.

4. அந்தத் தகடு பின்னோக்கி லேசாக மேலேறட்டும். 7 டிகிரி பாதுகாப்பான அளவு: 60 செ.மீ. நீளத்துக்கு 7 செ.மீ. உயரம் கூடும். ரொம்பச் செங்குத்தாக ஏற்றினால் காற்று தகட்டை ஒட்டி வராமல் பிரிந்துபோகும். பம்பருக்குக் கீழே ஒட்டிக்கொள்ளச் சொல்லி ‘டிஃப்யூசர்’ என்ற பெயரில் விற்கிறார்களே, அந்தக் கறுப்புச் சீப்பு அழகுக்கு மட்டும்.

5. பின் சக்கரத்துக்கு மேலே உள்ளே பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் அங்கே லைனர் முழுசாக இருக்காது. சக்கரம் கிளப்பும் காற்று நேராகப் பம்பருக்குள் போகும். லைனர் வாங்கிப் போடுவது அரை மணி நேர வேலை.

6. இதற்குப் பிறகும் வெட்டத்தான் வேண்டும் என்றால், சொந்தப் பம்பரை வெட்டாதீர்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. கீறல் விழுந்த பழைய பம்பர் ஒன்று போதும். கம்பெனிப் பம்பர் பரணில் பத்திரமாக இருக்கட்டும்.

7. எங்கே வெட்டுவது? குழியின் மேல்பகுதிக்கு நேராக. காருக்குப் பின்னால் எப்போதும் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், அங்கே வழிவிட்டால் உள்ளே சிக்கிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அல்லது அலுமினிய பீமைத் தொடவே தொடாதீர்கள். பின்னாலிருந்து எவனாவது வந்து இடித்தால் முதலில் தாங்குவது அதுதான். சென்சார், விளக்கு ஒயர்களையும் முன்பே கழற்றிவிடுங்கள்.

8. பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வேகமாக அறுத்தால் சூட்டில் உருகி, அறுத்த இடமே திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஜிக்சாவைக் குறைந்த வேகத்தில், பல் பெரிய பிளேடு போட்டு ஓட்டுங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பெயின்ட் பெயராது. நாலு மூலையிலும் முதலில் 10 மி.மீ. டிரில் போட்டுவிட்டு ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு அறுங்கள். சதுர மூலைகளில்தான் விரிசல் ஆரம்பிக்கும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து ரப்பர் பீடிங் மாட்டினால் கையும் கிழியாது. சூப்பர் க்ளூ இந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது, ரிவெட்டோ ஜிப் டையோதான் சரி.

9. ஓட்டைக்கு வலை போட ஆசையா? கண் பெரிதாக இருக்கட்டும். கொசுவலை போன்ற நெருக்கமான வலை, வெட்டின வேலையில் பாதியை வீணாக்கிவிடும்.

10. பம்பரின் பக்கவாட்டு மூலைகள் உருண்டையாக இருந்தால் காற்று அவற்றைச் சுற்றி வளைந்து பின்னால் இழுபடும். டொயோட்டா பிரியஸின் பின் மூலைகள் கூர்மையாக மடிந்திருப்பது காற்று அங்கே சட்டென்று விலகுவதற்காகத்தான். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை நிமிர்த்தி வலுவான டேப்பால் ஒட்டி இதைச் சோதித்துப் பார்க்கலாம். பம்பரை வெட்டுவதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

11. பலன் தெரிய, நாலைந்து செ.மீ. கம்பளி நூல் துண்டுகளை ஓட்டையைச் சுற்றி ஒட்டி, பின்னால் வரும் நண்பரின் காரிலிருந்து படம் எடுங்கள். நூல் வெளியே பறந்தால் காற்று வெளியேறுகிறது. உள்ளே இழுபட்டாலோ சுழன்றாலோ ஓட்டை தவறான இடத்தில் இருக்கிறது.

12. நேரான பாதையின் முடிவில் கிடைக்கும் வேகத்தை ஜிபிஎஸ் டைமரில் ஒப்பிடும்போது கவனம். காலை 25 டிகிரியிலிருந்து மதியம் 38 டிகிரிக்கு வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தியே ஏறத்தாழ 4 சதவீதம் குறையும். பம்பர் தரும் லாபத்தை இது ஒன்றே விழுங்கிவிடும். அடுத்தடுத்த செஷன்களில், ஒரே டிரைவர், ஒரே டயர் அழுத்தம், ஒரே அளவு பெட்ரோல் என்று பாருங்கள். காற்று திசை மாறிய நாளில் எடுத்த கணக்கை நம்ப வேண்டாம்.

13. மாற்றிய பிறகு முதல் சில லேப்கள் நிதானம். காரின் பின்பக்கம் தூக்குவதும் அமுங்குவதும் கொஞ்சம் மாறியிருக்கும். வேகமான வளைவில்தான் அது தெரியும்.

14. இழுவைக் கொக்கி மாட்டும் இடத்தைத் தகடு மறைக்கக் கூடாது. மண்ணில் புதைந்த காரை இழுக்க வருபவர் அதைத்தான் தேடுவார். நம்பர் பிளேட் பம்பரிலேயே இருக்கும் மாடல் என்றால், வெட்டின பம்பரோடு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பது பற்றியது. வெட்டின பம்பர் அதில் அடங்குமா என்று சாலையோரத்தில் போலீஸ்காரரிடம் வாதாடுவதைவிட, டிராக்கிலேயே பழைய பம்பரை மாட்டிக்கொள்வது எளிது. இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. கிளிப்புகள் ஒன்றிரண்டு உடையும், கையில் ஒரு பாக்கெட் வைத்திருங்கள்.