கீழூரில் வாக்களித்தது யார்? பிள்ளைகளோடு சேர்ந்து இணையதளத்தைச் சோதிப்போம்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான் இருக்கும். சாயங்காலம் ஆனால் அது பிள்ளைகள் கைக்குப் போய்விடும். "ப்ராஜெக்ட் இருக்குப்பா, நெட்ல பார்க்கணும்" என்பார்கள். தேடலில் முதலில் வரும் பக்கத்தை அப்படியே நோட்டில் எழுதி, மறுநாள் டீச்சரிடம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தை எழுதியது யார் என்று நாமும் கேட்பதில்லை.

அடுத்த முறை கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்க. தலைப்பு 'புதுச்சேரி விடுதலை' என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 1954 நவம்பர் 1 என்று சொல்லும். இன்னொன்று 1962 ஆகஸ்ட் 16 என்று சொல்லும். மூன்றாவது, 1954 அக்டோபர் 18, கீழூர் என்று சொல்லும். "எதுப்பா சரி?" என்று பிள்ளை கேட்டால், அவசரப்பட்டு ஒன்றைக் காட்டாதீங்க. மூன்று தேதியும் சரிதான், ஆனால் மூன்றும் வேறு வேறு நிகழ்ச்சிகள். அக்டோபர் 18-ல் வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. நவம்பர் 1-ல் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இந்த வித்தியாசத்தை விளக்கும் பக்கம் விஷயம் தெரிந்தவர் எழுதியது. ஒரே தேதியைப் போட்டு நிறுத்தும் பக்கம் பொய் சொல்கிறது என்று இல்லை. பாதியோடு விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

கீழூர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. "மக்கள் வாக்களித்தார்கள்" என்று எழுதும் பக்கங்கள் இருக்கின்றன. அங்கே வாக்களித்தது பொதுமக்கள் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. மக்களே நேரடியாக வாக்களித்தது வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில், 1949-ல். ரெண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் ப்ராஜெக்ட்டே தப்பாகிவிடும்.

இதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வழி உண்டு. சந்தேகமான ஒரு வாக்கியத்தை காப்பி செய்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடச் சொல்லுங்க. பத்து தளங்களில் எழுத்துப் பிசகாமல் அதே வாக்கியம் வந்தால், அது பத்து சாட்சி இல்லை. ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் ஒட்டியிருக்கிறார்கள். அப்புறம், தகவல் எங்கிருந்து எடுத்தது என்று அந்தப் பக்கம் சொல்கிறதா என்று பார்க்கணும். விக்கிப்பீடியா என்றால் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து படிக்கணும். தேடலின் உச்சியில் ஏஐ தரும் சுருக்கத்துக்கும் இதே கதைதான். 1956 ஒப்பந்தத்தின் வாசகம் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில்தான், டீச்சர் உதவியோடு படிக்கலாம்.

முகவரியின் கடைசிப் பகுதியையும் கவனிக்கணும். 'கவ் டாட் இன்' என்று முடிவது அரசு அமைப்புகளுக்கு மட்டும் தரப்படுவது. 'டாட் காம்', 'டாட் ஆர்க்' எல்லாம் பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். நடுவில் 'புதுச்சேரி', 'கவ்' என்று எழுத்தைச் சேர்த்து, கடைசியில் 'டாட் காம்' என்று முடித்திருந்தால் அது அரசுத் தளம் இல்லை. உதவித்தொகை விண்ணப்பம் தேடும்போதும் இந்தக் கண் உதவும்.

அதற்காக மற்ற தளங்களை எல்லாம் தள்ளிவிடவும் கூடாது. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்றவற்றின் முகவரி அப்படி முடிவதில்லை, ஆனால் ஆய்வுக்கு அருமையான இடங்கள். அரசுப் பக்கமே பழசாகவும் இருக்கலாம். 'பாண்டிச்சேரி அரசு' என்று தலைப்பில் இருந்தால், 2006-ல் பெயர் மாறியதற்கு முந்தைய ஆவணமாக இருக்கக்கூடும். வரலாற்றுக்கு அது சரி. இன்றைய திட்ட விதிமுறைக்கு எடுக்காதீங்க.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் இருக்கு. வில்லியனூரிலிருந்து கீழூர் பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கூட்டிக்கொண்டு போங்க. ஒவ்வொரு ஆகஸ்ட் 16-லும் கொடியேற்றும் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. கல்வெட்டை போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து இணையத்தில் படித்ததோடு வரி வரியாக ஒப்பிடச் சொல்லுங்க.