கடாரத்து மண்ணில் இரும்புக் கசடு

மாணவர்களே, பாழடைந்த பழைய நகரம் என்றதும் உயர்ந்த மதில்களும் சரிந்த தூண்களும் உங்கள் நினைவுக்கு வரலாம். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் அவற்றைத் தேடினால் ஏமாற்றம்தான். புக்கிட் ரோத்தானிலிருந்து அவ்வளவு தூரம் வடக்கே போய், தரையோடு கிடக்கும் கல்லையும் செங்கல்லையுமா பார்ப்பது என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

தமிழர்கள் கடாரம் என்று அழைத்த துறைமுக நாடு இது. 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கியதும் இதைத்தான். மெர்போக் அரும்பொருளகத்தின் அருகே, ஓடைக்கரையில், புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. (சண்டி என்பது இங்கே பழங்கோயிலைக் குறிக்கும், நம் வீட்டுச் சண்டி அல்ல!) கருங்கல் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மேலே கூரையைத் தாங்கியவை மரத்தூண்கள். நம் மழையிலும் வெப்பத்திலும், பூஞ்சைக்கும் கறையானுக்கும் முன் மரம் எத்தனை காலம் நிற்கும்? தூண்களைத் தாங்கிய கற்களின் இடைவெளியைக் கவனித்தால், மறைந்துபோன மண்டபத்தை மனத்தில் எழுப்பிவிடலாம்.

அறிவியல் மாணவருக்கு இதைவிடச் சுவையான இடம் சுங்கை பத்து. செம்பனை மரங்களுக்கு நடுவே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 முதல் அகழ்ந்த இடம். அங்கே ஏராளமாகக் கிடைத்தவை பொன்னும் சிலையும் அல்ல. களிமண் குழாய்களும் கருத்த கசடும்தான்.

அந்தக் குழாய் துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்துவது. உலையில் கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, இரும்புத் தாதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். இத்தகைய உலையின் வெப்பம் ஏறத்தாழ 1,200 டிகிரி. ஆகவே இரும்பு உருகாது. தாதிலுள்ள மற்ற பொருள்கள்தாம் உருகிக் கசடாக வழியும். எஞ்சும் இரும்பு, கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த கட்டியாக இருக்கும். அதைச் சுத்தியலால் அடித்து அடித்துத்தான் பயன்படுத்த முடியும். ஆற்றங்கரையில் செங்கல் படகுத்துறையும் வெளிப்பட்டிருப்பதால், இங்கே செய்த இரும்பு கப்பலேறியது என ஊகிக்கலாம்.

எவ்வளவு பழையது? உலைக்கரியிலுள்ள கார்பன்-14 அணுக்களில் பாதி 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும். எஞ்சியதை அளந்து காலம் கணிக்கிறார்கள். கி.மு. 788 என்றுகூட அறிவித்தார்கள். எல்லா ஆய்வாளரும் அதை ஏற்கவில்லை. காரணம் எளிது: இந்தக் கணக்கு மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், எரிந்த நாளை அல்ல. முதிர்ந்த மரத்தின் நடுப்பகுதியை எரித்திருந்தால் விடை பல நூறு ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் இங்கே இரும்பு உருவானது என்பதில் தகராறு குறைவு.

2013-இல் இந்தப் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி, வீடமைப்பு வேலைக்காக இயந்திரங்களால் இடிக்கப்பட்டது. அரசிதழில் பதிவாகாத நிலம் அது. செய்தி வெளிவந்தபோது அடித்தளமும் போய்விட்டிருந்தது.

நீங்கள் போகும்போது காலடியில் ஒரு கருப்புக் கசடு தட்டுப்படலாம். நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். எந்த மண்ணடுக்கில், எந்த உலைக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வரலாறு. இடம் மாறிவிட்டால் அது வெறும் கல்.